மூடுமுன்

கையேடு சொல்வது:
வால், இறக்கை, உடல், மூக்கு.
கையேட்டை எழுதியவர்
சஸ்கட்டூனில் ஒரு ஜனவரியைக் கண்டவர் இல்லை.

ஆகவே கராஜ் சுவரில்
மஞ்சள் சீட்டுகளை ஒட்டி
நானே ஒரு வரிசை போட்டேன்.
எரிபொருள் தொட்டிக்குப் பூசும் பசை
குளிரில் இறுகாது: ஜூன்.
தலைக்கு மேல் வரும் கண்ணாடிக் கூடு
குளிரில் வாள் பட்டால் விரிசல் விடும்: ஜூலை.
எஞ்சின் கடைசி.
சீக்கிரம் வந்து பெட்டிக்குள் தூங்கினால் துருப்பிடிக்கும்,
அதோடு அதன் விலைக்கு
தவபாலன் இன்னும் தலையசைக்கவில்லை.

ஜனவரிக்கு என்ன மிச்சம்?
துளைகள். ஆயிரக்கணக்கில்.
ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு பிசிறு.
ஹீட்டர் மூலையில் முனக,
கார் வெளியே பனிக்குள் புதைந்து கிடக்க,
நான் பிசிறு எடுக்கிறேன்.

வரிசை போடுவதுதான் பகலிலும் என் வேலை.
ஆஸ்பத்திரியில் அறுவை அறைகளுக்கு
யார் முதலில், யார் அப்புறம் என்று கட்டம் கட்டுவது.
இடுப்பெலும்பு ஏழரைக்கு, பித்தப்பை பத்துக்கு.
நடுவில் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு விபத்து வந்து
எல்லாக் கட்டங்களையும் தள்ளிவிடும்.
அங்கே தையல் போடுமுன்
தாதிகள் பஞ்சுகளை எண்ணுவார்கள்,
இரண்டு பேர், சத்தமாக.
கதவருகே நின்று கேட்டிருக்கிறேன்.
கேட்டும்

மார்ச்சில் இடது இறக்கையின் அடித்தகட்டை மூடினேன்.
கிருபாளினி உள்ளே கைவிட்டு இரும்புக் கட்டையைப் பிடிக்க,
வெளியே நான் துப்பாக்கியைப் பிடிக்க,
ரிவெட் ரிவெட்டாக, டர்ர், டர்ர்.
அவள் பல் வைத்தியரிடம் வேலை செய்பவள்.
வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியைக் கொண்டுவந்து
உள்ளே ஒவ்வொரு தலையாகப் பார்த்து
"சொத்தை இல்லை" என்பாள்.

கடைசி ரிவெட்டுக்குப் பிறகு தேநீர்.
தேநீருக்குப் பிறகு
என் செருப்படியில் ஒட்டியபடி ஒரு மஞ்சள் சீட்டு.
என் கையெழுத்து:
"காற்றுவேகக் குழாய். மூடுமுன்."

ஒருவரும் பேசவில்லை.
கிருபாளினி கண்ணாடியைத் துடைத்து
உறைக்குள் வைத்தாள்.
பிறகு வெளியே எடுத்தாள்.

நாற்பத்தாறு ரிவெட், ஒரு மூலையைத் திறந்து கைநுழைக்க.
ஒவ்வொன்றின் நடுவிலும் துளைபோட்டு,
தலையைத் தட்டி, தண்டைத் தள்ளி.
இரண்டு துளைகள் பெருத்துப் போயின.
அவற்றுக்கு ஒரு அளவு தடித்த ரிவெட்.
இன்றும் தடவினால் விரலுக்குத் தெரியும்.

அன்றிரவு சுவரைக் கலைத்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களையெல்லாம் அடித்தேன்.
ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் ஒரே கேள்வி எழுதினேன்:
இதை முடித்த பிறகு
என் கை எங்கே போகாது?

அது வேறு வரிசை, பின்காலால் நடந்து வருவது.
இருக்கைத் தரைக்கு முன் அதன் கீழே ஓடும் பிரேக் குழாய்,
குழாய்க்கு முன் கவ்வி,
கவ்விக்கு முன் அதன் மறையாணி,
மறையாணியைத் திருகக் கிருபாளினியின் மெல்லிய மணிக்கட்டு,
மணிக்கட்டுக்கு அவளுடைய சனிக்கிழமை,
சனிக்கிழமைக்கு
அவள் மகனின் ஹொக்கிப் பயிற்சி முடியும் நேரம்.
அதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டினேன்.

தவபாலன் ஒருநாள் நெடுநேரம் சுவரைப் பார்த்து நின்றான்.
பிறகு அளவுநாடாவை எடுத்தான்.
கராஜ் கதவு: எட்டு அடி.
வாலின் குறுக்குச் சிறகு: எட்டு அடி நாலு அங்குலம்.
நாடா தானாகச் சுருண்டு
பெட்டிக்குள் போகும் சத்தம்
அவன் சொல்ல வந்ததைச் சொன்னது.

இறக்கைகளை லொறியில் ஏற்றித் திடலில் பூட்டுவது
எப்போதுமே திட்டத்தில் இருந்தது.
வாலை நாங்கள் யாரும் நினைக்கவில்லை.
இரண்டு வருடங்களுக்கு முன் முதன்முதலாகச் செய்தது அதைத்தான்.
படுக்கையறை அலமாரிக்கு மேலே
பழைய போர்வை சுற்றிக் கிடக்கிறது.

இப்போது கடைசிச் சீட்டும் அதுதான்:
வால். திடலில். காற்றில்லாத ஒரு காலை.

சஸ்கட்டூனில் அது எந்த மாதம் என்று
இன்னும் எழுதவில்லை.