நாற்பத்தொன்றரை

சோடோவில் திங்கள்தோறும் கால் கழுவும் கொட்டகை.
நீல பேசின் ஏழு, பெஞ்சு ஒன்று.
இடது காலை இரு கையால் தூக்கித்
தண்ணீருக்குள் இறக்குகிறேன்,
அடுத்தவர் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல.

செருப்பில்லாமல் முப்பது வருஷம்
காபிச் செடிகளுக்கு நடுவே நடந்தவள் நான்.
சிவப்பு மண் பாதம் வழியே ஏறி
உள்ளே எங்கோ வாய்க்காலை அடைத்ததாம்.
நிணநீர் என்கிறார்கள்.
தோட்டத்து வாய்க்கால் அடைத்தால்
மண்வெட்டியோடு போய் நிற்பேன்.
இது எங்கே ஓடுகிறதென்றே தெரியவில்லை.

நர்ஸ் மெஸெரெட் கெண்டைக்காலில் டேப்பைச் சுற்றினாள்.
நாற்பத்தொன்றரை.
போன வாரமும் அதேதான்.

"காபி குடிக்கலாமா?"

பேனா நின்றது.
"அது மூத்திரமாய் நீரை இழுத்துவிடும்,
உடம்பு வற்றினால் வீக்கம் கூடும் என்பவர்கள் இருக்கிறார்கள்.
நீரை இழுத்தால் நல்லதுதானே என்பவர்களும்.
அளவாய்க் குடித்தால்
ஒன்றும் ஆகாது என்று படித்திருக்கிறேன்.
உன்னைப் போன்ற காலை வைத்து
யாராவது சோதித்தார்களா?
எனக்குத் தெரியாது."

தெரியாது என்று சொன்ன முதல் வெள்ளைக் கோட்டு அவள்.

ஆனால் நான் கேட்டது அதற்கில்லை.
கூடாது என்று சொல்லேன், மெஸெரெட்.
சீட்டில் எழுதி முத்திரை குத்திக் கொடு.

எங்கள் தெருவில் தினமும் மூன்று வேளை
ஏதாவதொரு வீட்டில் கொட்டை வறுபடும்.
காபிக்கு வா என்று வேலிக்கு மேலே ஒரு குரல் எழும்.
அந்தக் குரல் என் கூரையைத் தாண்டி
அயலெச் வீட்டுக்குப் போகிறது,
அதற்கடுத்த வீட்டுக்கும் போகிறது.
என் காலிலிருந்து ஒட்டிக்கொள்ளுமாம்.
முதலில் என் கோப்பையை இரண்டு முறை கழுவினார்கள்.
பிறகு தனியாக வைத்தார்கள்.
பிறகு வைக்கவில்லை.

ஆஸ்பத்திரி தடுத்தது என்றாகிவிட்டால்
அவர்கள் தடுத்ததாக இருக்காது, இல்லையா?

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
மெஸெரெட் என் பாதத்தைத் துடைத்து,
விரலிடுக்குகளில் வாஸலின் தடவிக்கொண்டே கேட்டாள்:
"காபியில் என்ன போடுகிறாய்?"
"உப்பு. இருந்தால் வெண்ணெய்."
"உப்பை விடு. உப்பிய காலுக்கு உப்பு எதற்கு?
காபியை நீயே பார்த்துக்கொள்.
இந்தா டேப்."

பார்த்தேன்.
குடித்த நாள் நாற்பத்தொன்றரை.
குடிக்காத நாளும் நாற்பத்தொன்றரை, கூடவே தலைவலி.
சந்தைக்கு மரவள்ளி சுமந்த நாள் நாற்பத்திரண்டரை.
மழை கொட்டிய ஞாயிறு, காலை மூட்டைமேல் தூக்கிவைத்துப்
பகலெல்லாம் கிடந்தேன். நாற்பத்தொன்று.
ஒரு காலின் மூன்று வாரக் கணக்கு,
ஊருக்குச் சொல்ல ஆகாது.
எனக்குப் போதும்.

வியாழக்கிழமை நானே கரி மூட்டினேன்.
கொட்டை வெடிக்கும்வரை வறுத்து,
புகையைக் கையால் விசிறினேன்.
வேலியின் பக்கமாகத்தான் விசிறினேன், பொய் சொல்வானேன்.

அயலெச்சின் தலை தெரிந்தது.
"யார் வந்திருக்கிறார்கள்?"
"யாருமில்லை."
அவள் அங்கேயே நின்றாள்.
கூப்பிட எனக்கு வாய் வரவில்லை,
திரும்பிப்போக அவளுக்குக் கால் வரவில்லை.
கரி சாம்பல் பூத்துக்கொண்டிருந்தது.
படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து
ஸ்டூலை இழுத்துப்போட்டாள்.

முதல் வாயிலேயே முகம் சுளித்தாள்.
"உப்பெங்கே?"
"நர்ஸ் வேண்டாமென்றாள்."
"உப்பில்லாததைக் குப்பையில்தான் கொட்டணும்"
என்றவள், மண்டிவரை குடித்துவிட்டு
இரண்டாம் சுற்றுக்குக் கோப்பையை நீட்டினாள்.

கால்களை மட்டும் என் தரையில் ஊன்றாமல்
ஸ்டூலின் குறுக்குக் கட்டையில் ஏற்றிவைத்திருந்தாள்.

பார்த்தேன்.
ஊற்றினேன்.