முதல் ஊசி எங்களுக்கு

நாய்க்குப் போடும் முன்னால்
எங்களுக்குப் போட்டார்கள்.
வெறிநோய்த் தடுப்பு, மூன்று தவணை:
இன்று, ஏழாம் நாள், இருபத்தோராம் நாள்.
பதினோராம் வகுப்பு தொழிற்பிரிவு, பத்தொன்பது பேர்.
சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால்
வியாசர்பாடியைச் சுற்றிக்கொண்டு
சனிக்கிழமைதோறும் கால்நடை மருந்தகம் வருகிறோம்.
இரண்டாம் தவணைக்கு மூன்று பேரைக் காணோம்.
ஊசிக்குப் பயமில்லையாம்.
"மாட்டாஸ்பத்திரி படிப்பா?" என்று
யாரோ மாமா சிரித்தாராம்.

மூன்று வாரம் கூட்டினோம்.
ஒரு பக்கெட் தண்ணீருக்குப் பினாயில் எத்தனை மூடி.
பூனைக்குப் பிடரி எங்கே.
நாயின் வாய்க்கு நாடா:
மூக்கின் மேல் ஒரு முடிச்சு, தாடையடியில் ஒன்று,
காதுக்குப் பின்னால் உருவாஞ்சுருக்கு.
ஒருத்தர் வாயில் ஒருத்தர் கட்டிப் பழகினோம்.
ஷைலா சிரித்ததில் இரண்டு தடவை அவிழ்ந்தது.
"பிடி இறுகவும் கூடாது, நெகிழவும் கூடாது"
டாக்டர் செண்பகவல்லி
இதை மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

நாயின் உடம்பு நூற்றியொன்றரை டிகிரி, அது காய்ச்சலில்லை.
அன்றிரவு தம்பிக்கு நூற்றியொன்று.
நாய்க்கு இது சுகம்தான் என்றேன்.
அம்மா கரண்டியோடு வந்தாள்.

காசிமேட்டிலிருந்து
உதட்டில் தூண்டில் முள் ஏறிய பூனை வரும்.
கொருக்குப்பேட்டையிலிருந்து
தண்டவாளத்தில் கால் விட்ட ஆடு.
கண்ணோரம் கிழிந்த சேவலைத்
துண்டில் சுற்றிக்கொண்டு வருபவர்
"மாடியிலிருந்து விழுந்துச்சு" என்பார்.
சேவல் எப்படி மாடியிலிருந்து விழும் என்று
யாரும் கேட்பதில்லை.
தையல் போடும்வரை
அவர்தான் சேவலைவிட அதிகம் நடுங்குவார்.

மாடு வந்தால் மட்டும்
எபினேசர் மருந்து அறைக்குள் போய்விடுவான்.
பாட்டில்களைத் தேதிவாரியாக அடுக்குவான்,
அடுக்கியதையே மறுபடி அடுக்குவான்.

நான்காவது சனிக்கிழமை.
கொடுங்கையூர் குப்பைமேட்டில் மேய்ந்த பசு,
இடது விலா மத்தளமாய் உப்பி,
மினி லாரியிலிருந்து இறங்கமாட்டேன் என்றது.
கன்னியம்மா ஒப்பாரிக்குத் தயாராக
முந்தானையை எடுத்துவிட்டாள்.
குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், நரம்பு கிடைக்கவில்லை.
டாக்டர் ஒருமுறை குத்தினார்.
இன்னொருமுறை.
ரத்தம் வரவில்லை, வியர்வைதான் வந்தது.
"உள்ளே அமுங்கிக் கிடக்குதும்மா" என்றார்
எங்களைப் பார்க்காமல்.

எபினேசர் எப்போது வந்தான் தெரியாது.
கழுத்துப் பள்ளத்தில்
கட்டைவிரலை வைத்தான்,
தேடவில்லை, வைத்தான்.
கீழே அழுத்தினான்.
மேலே எழும்பியது
தாம்புக்கயிறு கனத்தில் ஒன்று.
மாடு தலையைத் திருப்பவில்லை.
ஊசி ஒரே குத்தில் இறங்கியது.

"எங்க கத்துக்கிட்ட?"
"வூட்ல."

எங்களுக்குத் தெரியும்.
சேர்க்கைப் படிவத்தில்
தந்தை தொழில்: வியாபாரம் என்று எழுதியவன்.
புளியந்தோப்பு கறிக்கூடத்தில்
விடியற்காலை மூன்று மணிக்கு வேலைக்குப் போகும்
அந்த அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன
விரல் அது.
டாக்டருக்கும் தெரிந்திருக்கும்.
"பாட்டிலை உசத்திப் பிடி" என்றார், அவ்வளவுதான்.
இரண்டு மணி நேரம்
கை மாற்றி மாற்றிப் பிடித்தான்.

சாயங்காலம்
வயிற்றைத் திறந்து எடுத்தது ஒரு பக்கெட்:
பால் கவர், பிரியாணிப் பை, கட்சிக்கொடி,
ஒற்றைக் குழந்தைச் செருப்பு.
பிழைக்குமா என்றதற்கு
திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார்.

பதிவேடு என் முறை.
பிடித்தவர்: எபினேசர்.
நரம்பு கண்டவர் என்று கட்டமில்லை,
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்.

அன்றைக்குத்தான் இருபத்தோராம் நாள்.
வரிசையில் எனக்கு முன்னால் அவன்.
சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு
முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டான்.
"புட்ச்சிக்கோ, எனுக்கு ஊசின்னா ஆவாது" என்றான்.
பிடித்துக்கொண்டேன்,
இறுகாமல்,
நெகிழாமல்.