கையுறை

மார்ச் மாதத்து பைக்கால் ஏரி.
பனிக்கட்டி ஓராள் இடுப்பளவு.
ரம்பத்தால் அறுத்த முக்கோணத் துளைக்குள்
யெவ்தோகிம் இறங்கினான்.
பதினெட்டு மீட்டர் ஆழத்தில்
பச்சையாக இருக்கவேண்டிய பஞ்சுயிரி
பழுப்பேறி நின்றது.
கிள்ளினான். குழாயில் இட்டான்.

இர்குத்ஸ்கில், வெந்நீர்க் குழாய்கள் முனகும்
மூன்றாம் மாடிக்கு,
செசெக்மாவிடம் அது வந்து சேர்ந்தபோது
பஞ்சும் இல்லை ஈரமும் இல்லை.
நான்கு கோடியே பத்து லட்சம் துணுக்குகள்,
நான்கே எழுத்தில்.
எதற்கும் முன்பின் தெரியாது.

ஒன்றின் வால் இன்னொன்றின் தலையாகும் இடம் தேடி
அந்தாதி தொடுக்கிறது நிரல்.
சில இடங்களில் ஏரி
ஒரே அசையை நூறு முறை உளறும்;
அங்கே கண்ணி அறுந்துபோகும்.
அவள் பால் தேநீரில் உப்பு போட்டு
விடியும்வரை குடித்தாள்.

காலையில் கணக்கு வந்தது.
பாக்டீரியா இவ்வளவு, பஞ்சுயிரி இவ்வளவு,
பச்சைப்பாசி அநேகமாக இல்லை.
நூற்றுக்கு முப்பத்தெட்டு
எந்தப் பட்டியலிலும் பெயரில்லாதது.
நூற்றுக்கு அரைக்கால், மனிதன்.

மனிதன் என்றால் யெவ்தோகிம்தான்.
மூடி திருக வரவில்லையென்று
பனிமேல் நின்று கையுறையைக் கழற்றியிருப்பான்.

விதியில் குழப்பமில்லை:
மனிதத் துணுக்கென்றால் அழி.
ஒரு வரிக் கட்டளை.

ஆனால் அவன் அப்பாவுக்கு
நாற்பத்தாறு வயதில் கை ஆடத் தொடங்கியதும்
கரண்டி வாய்க்குப் போய்ச் சேராததும்
அவளுக்குத் தெரியும்.
யெவ்தோகிமுக்கு இப்போது நாற்பத்துமூன்று.
நான்காம் குரோமோசோமில் ஓரிடம்,
அங்கே மூன்றெழுத்து எத்தனை முறை திரும்புகிறது
என்று எண்ணினால் போதும்.
இந்த ஐம்பதாயிரம் துணுக்கில் அந்த இடம் சிக்குவது
நானூற்றில் ஒரு வாய்ப்பு.
லாட்டரிச் சீட்டுக்கு அதுகூட இல்லை.

அவனே கேட்காத கேள்வி.

கர்சர் மின்னி மின்னி நின்றது.
அழிக்கும் வரியை அடித்தாள்.
அரை நிமிட வேலை. ஏரியின் எடை
அரைக்கால் குறைந்தது.

மாலையில் தொலைபேசியில் அவன்:
"பிழைக்குமா ஏரி?"
"தெரியாது" என்றாள். "முப்பத்தெட்டு பங்கு
யாரென்றே தெரியவில்லை."
பிறகு,
"அடுத்த முறை கையுறையோடு மூடு."

"அது எப்படி உனக்கு..." என்று சிரித்தான்.
சிரிப்புக்குப் பின்னால்
கண்ணாடி டம்ளரில் கரண்டி மோதும் ஓசை,
விடாமல்.
சர்க்கரை கலக்குகிறான்
என்றே வைத்துக்கொண்டாள்.