ஈரக் கையோடு

ஈரக் கையோடு எதையும் தொடாதே.
இருபத்திரண்டு வருஷம் கம்பம் ஏறினேன்.
வேலையில் சேர்ந்த அன்று
சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

ஜிப்மரில் டாக்டர் ஒரு தாளில் கோடு கிழித்தார்.
"இது நரம்பு. மேலே இருக்கறது உறை.
வயர் மாதிரின்னு வச்சுக்குங்களேன்.
உங்க உடம்பே அந்த உறையைக் கடிச்சுத் தின்னுது."
வயர் மாதிரியாம்.
என்னிடம் சொல்கிறார்.
தானே புயலுக்கு மறுநாள்
தேவனாம்பட்டினத்து மணலுக்குள் கிடந்த லைனைக்
கையால் உருவி எடுத்தவனிடம்.
சிரித்துக்கொண்டே குனிந்து செருப்பைத் தேடினேன்.
பிடரியிலிருந்து குதிகால்வரை ஒரு சொடுக்கு.
சரிதான். லீக்கேஜ்.

வெயில்தான் ஆகவில்லை எனக்கு.
பதினோரு மணிக்கு மேல்
இடது கண்ணில் யாரோ பாலை ஊற்றுகிறார்கள்.
வலது பாதம் தூக்க மறந்து
வாசற்படியை உதைக்கிறது.
டீக்கடையில் ஒருத்தன்,
"காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?" என்றான்.
பதில் சொல்லப் போன நாக்கு குழறி
அவன் பக்கமே சாட்சி சொன்னது.

அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால்
தண்ணீரில் இறங்கச் சொன்னாள் பிசியோ டெய்சிராணி.
மஞ்சக்குப்பத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருமுன்,
ஐந்திலிருந்து ஆறு.
கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரைக்
கிணற்றில் வாளி விடுவதுபோல் விட்டுப் பார்த்து,
"இருபத்தெட்டு. எறங்குங்க."

நாங்கள் நான்கு பேர்.
நெல்லிக்குப்பத்துக் கணக்கர், பேசவே மாட்டார்,
அடிகளை எண்ணிக்கொண்டே நடப்பார்.
ரயில்வே புக்கிங்கில் இருந்த விசாலாட்சி.
பரங்கிப்பேட்டை ரிஸ்வானா, எம்.காம். இரண்டாம் வருஷம்,
"அண்ணா, இன்னிக்கு என் வலது கை லீவு" என்பாள்.
கடலோரம் பிறந்தும்
ஒருவருக்கும் நீச்சல் தெரியாது.

முதல் நாள் கைப்பிடியை விடவில்லை நான்.
உறை பிரிந்த கம்பியை
யாராவது தண்ணீரில் இறக்குவார்களா?

இறக்கினார்கள்.
முழங்கால். இடுப்பு.
விலாவைச் சுற்றி எந்நேரமும் இறுக்குகிற
ஒரு காணாத பெல்ட் உண்டு எனக்கு,
கம்பம் ஏறக் கட்டுவோமே, அதே இறுக்கம்.
தண்ணீர் அதன்மேல் வந்து நின்றது.
அவிழ்ந்தது என்று சொல்ல மாட்டேன்.
எது பெல்ட், எது தண்ணீர்
என்று தெரியாமல் போனது.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை,
கரண்ட் போனது. இன்னும் விடியவில்லை.
"ஃபீடர் ட்ரிப். பத்து நிமிஷம் ஆகும்"
என்றது வாய், தன்னால்.
அப்புறம்தான் பயம்.
கண் சொன்னால்தான்
கால் எங்கே என்று தெரியும் எனக்கு.
ராத்திரி பாத்ரூம் விளக்கு அணைந்தால்
வெட்டிய வாழையாய் விழுகிறவன்.

டெய்சிராணி டார்ச்சைத் தேடுகிறாள்.
"அண்ணா, எங்கே இருக்கீங்க?"
பதில் சொல்லவில்லை.
விழுவதற்குக் காத்திருந்தேன்.

இடப்பக்கம் சாய்ந்தேன். அங்கே தண்ணீர் இருந்தது.
வலப்பக்கம், அங்கேயும்.
முன்னால் போனால் மார்பில் கை வைத்தது.
பின்னால் சாய,
பிடரியைத் தாங்கிக்கொண்டது.
விழ இடமே இல்லை.
காது நனைந்ததும்
ஊர் அணைந்து
என் மூச்சு மட்டும் உள்ளே,
ட்ரான்ஸ்பார்மரின் முனகலாக.
கால் எங்கேயோ இருந்தது.
இருக்கட்டும்.

"மல்லாந்து படுங்க" என்று
இரண்டு வாரமாய்க் கெஞ்சினாள் அந்தப் பெண்.
விளக்கு வந்து
தகரக் கூரை நேர் மேலே தெரிந்தபோதுதான்
படுத்திருக்கிறேன் என்று புரிந்தது.

கரையேறினால் உடம்பு திரும்பவும் கனம்.
படியில் தடுக்கியது
அதே பழைய பாதம்.
எனக்கு முன்னால் ஏறிவிட்ட கணக்கர்
சொட்டச் சொட்ட
சுவர் ஃபேன் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.
"சார், ஈரக் கை!"
கம்பத்து மேலிருந்து கத்துகிற குரல்,
எனக்கே மறந்துபோயிருந்தது.

கையை மடக்கிக்கொண்டு
என்னைத் திரும்பிப் பார்த்தார் அவர்.
"எண்ணிக்கை விட்டுப்போச்சுங்க," என்றார்,
"இருட்டுல."