விட்டத்துக் கப்பல்

லொஃபோத்தன் தீவில் எங்கள் தேவாலயத்து
விட்டத்திலிருந்து ஒரு கப்பல் தொங்குகிறது.
இரண்டு முழ நீளம், மூன்று பாய்மரம்.
கடலுக்குப் போனவர்களுக்காக
எவனோ செதுக்கிக் கொடுத்த நேர்ச்சை.
வருஷத்துக்கொரு முறை ஏணி போட்டுத்
தூசி தட்டுவது என் வேலை.
மற்றபடி அது அசைந்து நான் பார்த்ததில்லை.

போன ஞாயிறு
ஐவார் பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைத் தொட்டான்.
மெழுகுவர்த்திச் சுடர் சிலிர்த்தது.
ஞானஸ்நானத் தொட்டியில் வட்டம் வட்டமாய்த் தண்ணீர்.
கப்பல் மெல்ல
அணியம் தூக்கி, தாழ்ந்து,
புறப்பட்டுவிட்டது.

"சாராயக்கடைச் சத்தம்" என்று
பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு
ஸ்டைனுல்ஃப் எழுந்து போனார்.
பையன்கள் கண்ணை மூடி அடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஜெபமா, திமிரா?
வியர்வையில் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னுகிறது.

டோர்டிஸ் மட்டும் அண்ணாந்தபடியே இருந்தாள்.
அவள் புருஷன் போன படகு திரும்பவில்லை.
"இப்போதுதான் அது கப்பல்" என்றாள்.
அது சந்தோஷமா என்று
நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சபைக் குழு கூடுகிறது.
டிரம்ஸ் இருக்கலாமா, கூடாதா.
புயலுக்குள் அமரத்தில் தூங்கியவரை எழுப்ப
அன்றைக்கும் யாராவது கத்தத்தான் வேண்டியிருந்தது.
எழுந்தவர் காற்றை அதட்டினார்,
கத்தியவர்களையும் விடவில்லை.
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

எனக்குத் தெரிந்தது கொக்கி.
துருவேறிய பழசைக் கழற்றிவிட்டு
கனமாய்ப் புதுசொன்று மாட்டியிருக்கிறேன்.
குழுவைக் கேட்கவில்லை.