ஏறிய கியர்

மூன்று நாள் பயிற்சிக்கு வா என்று ஓலை வந்தது.
பாரதிபுரம் டிப்போ, மாடி அறை, காலை ஒன்பதரை.
"இருபத்திமூணு வருஷமா ஓட்டுறவனுக்கு
ஸ்டியரிங் எந்தப் பக்கம்னு காட்டப் போறாங்களாம்"
என்றேன். கண்டக்டர் மாதையன் சிரித்தான்.
எதற்குச் சிரித்தான் என்று
அப்போது கேட்கத் தோன்றவில்லை.

டிப்போ வாசலில் ஒரு கரும்பலகை.
டீசல் மிச்சம் பிடித்தவர்கள் அதில் சாக்பீஸில் இருப்பார்கள்.
தீர்த்தகிரி, லிட்டருக்கு ஐந்தே முக்கால், முதலிடம்.
நான்தான்.
பதினோரு மாதமாக அழிக்க வேலையில்லாமல்
பெயர் பலகையில் ஊறிப்போயிருந்தது.

மிச்சம் வந்த வழி இதுதான்:
தொப்பூர் கணவாயில் சேலம் பார்த்து இறங்கும்போது
கட்டமேடு தாண்டியதும் நியூட்ரலில் தள்ளுவேன்.
இஞ்சின் வாயை மூடிக்கொள்ளும்.
ஐம்பத்தைந்து உயிரும் கூரைமேல் நாலு மூட்டையும்
மலையின் தயவில் உருளும்.
பிரேக்கில் கால், வாயில் பாக்கு.
இதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தேன்.

பயிற்சியாளர் அருள்சீலன், எலத்தகிரிக்காரன்.
நான் வேலையில் சேர்ந்த வருஷம்
மூன்றாம் வகுப்பில் இருந்திருப்பான்.
முதல் நாள் கண் பரிசோதனை.
இடக்கண்ணுக்குக் கடைசி வரி எறும்புச் சாரை.
இரண்டாம் நாள் படம் போட்டான்.
பாப்பாரப்பட்டி அங்கப்பன் குறட்டை விட்டு
மசால் வடைக்கு விழித்தார்.
பிறகு ஒரு தாள், இருபது கேள்வி.
டிரிப் ஷீட் தவிர வேறெதில் எழுதினேன் இத்தனை காலம்?
என் விரலுக்குள் பேனா
எல் போர்டு வண்டியாகத் திணறியது.

பதினெட்டாவது கேள்வி:
மலைச்சரிவில் எந்த கியரில் இறங்க வேண்டும்?
ஏறிய கியரில், என்று எழுதினேன்.
சிவப்பு டிக்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தெரிந்திருக்கிறது.
மறந்திருந்தாலாவது மானம் தப்பியிருக்கும்.

மூன்றாம் நாள் காலி பஸ், கணவாய்,
கண்டக்டர் சீட்டில் அருள்சீலன்.
கட்டமேட்டில் கை நியூட்ரலுக்குப் போனது,
என்னைக் கேட்காமலே.
ஆஞ்சநேயர் கோயில் திருப்பத்தில்
ஒரு லாரி பக்கவாட்டில் படுத்திருந்தது.
சாலையெங்கும் பாலக்கோட்டுத் தக்காளி.
ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.
பாறைமேல் உட்கார்ந்து அந்த டிரைவர்
"பிரேக் பிடிக்கலண்ணே, பிரேக் பிடிக்கலண்ணே" என்று
போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.
வண்டியை நிறுத்தினேன்.
ஒரு வாடை. லாரியிலிருந்து என்று நினைத்தேன்.
என் சக்கரத்திலிருந்தும் வந்தது.
லைனர் தீய்வதை இத்தனை வருஷம்
மலைக்காற்று என்று மூச்சு வாங்கியிருக்கிறேன்.

அருள்சீலன் மெதுவாகக் கேட்டான்:
"அண்ணே, இவ்வளவு நேரம் வண்டிய யார் ஓட்டுனது?"

மூன்றில் போட்டு எடுத்தேன்.
இஞ்சின் முனகியது. முனகட்டும்.
பிரேக் கேட்காமலே வண்டி
என் சொல்லுக்கு இறங்கியது.

சான்றிதழில் தீர்த்தாகிரி என்று அடித்திருந்தார்கள்.
திருத்தக் கேட்கவில்லை.
பிரேக்கிலிருந்து எடுத்த கால்
அங்கே போய் ஒட்டிக்கொண்டது, இருக்கட்டும்.

அன்றிரவு சோற்றின் முன் கனகம் என்னவோ சொன்னாள்.
"ம்" என்றேன்.
அந்த ம் உருண்டு போகும் சத்தம் எனக்கே கேட்டது.
"என்ன சொன்ன, மறுபடி சொல்லு."
கரண்டியை வைத்துவிட்டு
என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இந்த மாதம் ஐந்தே கால், ஒன்பதாவது இடம்.
அழித்த பிறகும் மேல்வரிசையில்
என் பெயரின் வெள்ளை நிழல்.
மாதையன் பலகையைப் பார்த்துச் சிரித்தான்.
இந்தத் தடவை கேட்டேன்.
"தொப்பூர்ல நீங்க நியூட்ரல் போட்டதும்
நான் கண்ண மூடிக்குவேண்ணே.
தூங்குறான்னு திட்டுவீங்க."

நேற்று மூன்றாவது கியரில் இறங்கும்போது
இஞ்சின் முனகலுக்கு நடுவே
பின்னால் சில்லறை எண்ணும் சத்தம்.