ரசீது

லாரி வந்தது பத்தேகாலுக்கு.
சிவாஜிநகர் பேருந்து நிலையத்தின் முதுகுப்பக்கம்.
சீருடைக்காரர் இருவர்
என் தராசைச் சங்கிலியோடு தூக்க
ஒரு தட்டில் அரைக்கிலோ கல்
மறுதட்டில் ஏழு தக்காளி
நிறை சரியாகத்தான் இருந்தது, அந்தரத்திலும்.

முன்பெல்லாம் ஓடுவோம்.
தார்ப்பாயின் நான்கு மூலையையும் அள்ளிப் பிடித்து
மசூதிச் சந்துக்குள்.
வழியில் உதிர்ந்தது போக மிச்சம்தான் அன்றைய வியாபாரம்.

இன்று ஓடவில்லை.
ஹொன்னம்மா லாரிக்குக் குறுக்கே போய் நின்று
ஒரே ஒரு சொல் கேட்டாள்:
ரசீதி?

கன்னடத்தில் ரசீதி. நயாஸுக்கு ரசீத். எனக்கு ரசீது.
வால்தான் வேறு.

மூன்று வியாழக்கிழமை, கடை கட்டியபின்
மேம்பாலத்தடியில் கூடிப் படித்த சொல்.
அள்ளினால் பட்டியல் தரவேண்டும், சட்டம் இருக்கிறது
என்று பிலோமினா செல்போன் வெளிச்சத்தில் வாசித்தபோது
நான் கொட்டாவி விட்டேன்.

வார்டு ஆபீஸ் படியில் நாற்பத்தொரு பேர்.
குமாஸ்தா இழுப்பறையைத் திறந்தார், மூடினார்.
பீரோவைத் திறந்தார்.
"ரசீது புக் தீர்ந்துபோச்சு. நாளைக்கு வாங்க."

நாளைக்கு என் மல்லி இருக்காது, சார்.

பேசினால் காசு செலவாகும் என்பதுபோல் இருக்கும் நயாஸ்,
நடைபாதையில் நோட்டும் பேனாவும் விற்பவன்,
அப்போது இருமினான்.
"லாரியில இருக்கு. நீலப் பை.
நம்பர் போட்டது, நூறு தாள்."

யாரோ சிரித்தார்கள். பிறகு படி முழுக்க.
குமாஸ்தாவும் சிரித்துவிட்டார், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

எண் ஒன்று, நயாஸ்:
ரசீதுப் புத்தகம் பன்னிரண்டு என்று எழுதி
கையில் இருப்பதைப் பார்த்து
அடித்துப் பதினொன்று ஆக்கினார்.
பன்னிரண்டுதான், என்றான் நயாஸ்.

எண் இருபத்துமூன்று, நான்:
தராசு ஒன்று, எடைக்கல் மூன்று, தக்காளி ஒரு கூடை,
மல்லி ஒன்பது கட்டு.
பக்கத்தில் 'வாடியது' என்று சேர்க்கப் போனார்.
அள்ளும்போது வாடவில்லை, என்றேன்.
பேனா நின்றது.
மின்விசிறி மட்டும் கடகடவென்று.
பிறகு முத்திரை விழுந்தது, கொஞ்சம் கோணலாக.

நாற்பத்தொன்று முடிந்ததும்
புத்தகத்தை இழுப்பறைக்குள் தள்ளப் பார்த்தார்.
ஹொன்னம்மாவின் கை அதன்மேல் இருந்தது,
கனகாம்பரம் கட்டிக் கட்டி
விரல்நுனி வெடித்த கை.

மல்லியைத் திரும்ப வாங்கியபோது மாடுகூட முகர்ந்து பார்க்கவில்லை.
அதற்கும் கேட்போம், அது அடுத்த வியாழன்.

அன்று ராத்திரி மேம்பாலத்தடியில்
அதே புத்தகம், அடுத்த தாள்.
எண் நாற்பத்திரண்டு:
சங்கச் சந்தா, பத்து ரூபாய்.
என் பெயரை நானே எழுதினேன்.